பின்னால் நிற்பவர்களோடு பாடுவது: டயானா ராஸின் முதல் தனி ஆல்பத்திலிருந்து நான் கற்றவை

கோரஸில் பாடிப் பழகியவர்கள் தனியாகப் பாட ஆரம்பித்தால், பெரும்பாலும் முதலில் குரலைத்தான் ஏற்றுவார்கள். இத்தனை நாள் பத்துப் பேர் குரலுக்குள் கரைந்து கிடந்தது, இப்போதாவது வெளியே தெரியட்டும் என்ற ஆசை. நியாயமான ஆசைதான். எனக்கும் அது உண்டு. ஆனால் அந்த ஆசையை எங்கே பிடித்து நிறுத்த வேண்டும், எங்கே விட வேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தது 1970 ஜூனில் வெளியான ஒரு ஆல்பம். சுப்ரீம்ஸ் என்ற பெண்கள் குழுவில் பத்து வருடம் பாடிவிட்டு வெளியே வந்த டயானா ராஸ், தன் பெயரையே தலைப்பாக வைத்து வெளியிட்ட முதல் தனி ஆல்பம் அது. சர்ச் பாடலிலிருந்து வளர்ந்த கறுப்பின அமெரிக்கர்களின் சோல் இசையைக் கேட்கிறவர்களுக்கு மட்டுமல்ல, எந்த மொழியிலாவது, எந்த மேடையிலாவது மைக் முன்னால் தனியாக நிற்கப் போகிற யாருக்கும் அதில் விஷயம் இருக்கிறது.

நான் டெட்ராய்ட்டின் மேற்குப் புறநகரில் வசிக்கிறேன். கார் கம்பெனி வேலைகளால் இங்கே தமிழ்க் குடும்பங்கள் நிறைய. சின்ன வயதில் கர்நாடக சங்கீதம் கற்றுக்கொண்டேன். இங்கே வந்த பிறகு, வாரம் ஒருமுறை கூடுகிற ஒரு சமூகப் பாடகர் குழுவில் சேர்ந்தேன். நான்கு குரல் வரிசையில் நான் ஆல்டோ, அதாவது பெண் குரல்களில் கீழே இருக்கும் வரிசை. மெட்டு பெரும்பாலும் மேலே இருப்பவர்களுக்குப் போகும். நாங்கள் அதற்கு அடியில் துணைக்கு நிற்போம். எனக்கு அந்த இடம் ரொம்பப் பிடித்தது.

டெட்ராய்ட்டில் பாடகர் குழு என்றால், இந்த ஊரில் பிறந்த இசைக் கம்பெனியான மோட்டவுனின் பாட்டு இல்லாமல் நடக்காது. அப்படித்தான் இந்த ஆல்பம் என் கைக்கு வந்தது. டயானா ராஸ், மேரி வில்சன், ஃப்ளாரன்ஸ் பேலார்ட் மூவரும் இந்த ஊரின் பிரூஸ்டர் டக்ளஸ் என்ற அரசுக் குடியிருப்பில் வளர்ந்தவர்கள். 1961-இல் மோட்டவுனில் ஒப்பந்தம் ஆனார்கள். மூன்று வருடம் எந்தப் பாட்டும் பெரிதாக ஓடவில்லை. 1964-இல் ‘வேர் டிட் அவர் லவ் கோ’ முதலிடத்துக்குப் போனது. அதிலிருந்து 1969 முடிவதற்குள் 12 பாட்டுகள் அமெரிக்காவில் முதலிடம்.

அந்த முதல் வெற்றிப் பாட்டைப் பற்றி ஒரு தகவல் சொல்லிவிடுகிறேன், பின்னால் உதவும். அது முதலில் மார்வெலெட்ஸ் என்ற இன்னொரு பெண்கள் குழுவை மனதில் வைத்துத் தயாரானது. அவர்களுடைய பாடகிக்கு ஏற்ற தாழ்ந்த சுருதியில் வாத்தியங்களைப் பதிவு செய்துவிட்டார்கள். அவர்கள் வேண்டாம் என்றதும் பாட்டு சுப்ரீம்ஸிடம் வந்தது. டயானா அதுவரை மேலே மேலே பாடிக்கொண்டிருந்தவர். இப்போது வேறு வழியில்லாமல் கீழே இறங்கிப் பாட வேண்டியிருந்தது. அந்தக் கீழ்க்குரலில்தான் கேட்பவர் காதருகே பேசுவது போன்ற ஒரு நெருக்கம் வந்தது. உலகம் அந்தக் குரலைத்தான் அடையாளம் கண்டுகொண்டது.

நான் யாருக்காவது தனிப்பாடல் பயிற்சி பற்றிச் சொல்வதாக இருந்தால் இதிலிருந்துதான் ஆரம்பிப்பேன். உங்களால் எட்ட முடிகிற உச்ச சுரத்தை வைத்துச் சுருதியைத் தேர்ந்தெடுக்காதீர்கள். யாரோ ஏதோ கேட்கும்போது யோசிக்காமல் ‘ம்ம்’ என்கிறோமே, அந்த ‘ம்ம்’ எந்த சுரத்தில் விழுகிறது என்று தம்பூரா ஆப்பை வைத்துப் பாருங்கள். பாட்டின் ஆரம்ப வரிகள் அதற்குப் பக்கத்தில் அமைந்தால், நீங்கள் பேசுகிற ஆளாகவே பாடவும் முடியும். உச்சத்தைப் பற்றி அப்புறம் கவலைப்படலாம். பாட்டின் முக்கால்வாசி நேரம் நாம் உச்சத்தில் இருப்பதில்லை.

சரி, 1970-க்கு வருவோம். ஜனவரி 14, லாஸ் வேகஸில் ஃப்ரான்டியர் ஹோட்டல் மேடையில் சுப்ரீம்ஸோடு டயானாவின் கடைசி நிகழ்ச்சி. அதற்கு முன்பே ஃப்ளாரன்ஸ் வெளியேற்றப்பட்டு, சிண்டி பேர்ட்சாங் வந்திருந்தார். குழுவின் பெயரும் ‘டயானா ராஸ் அண்ட் த சுப்ரீம்ஸ்’ என்று மாறியிருந்தது. கடைசி முதலிடப் பாட்டான ‘சம்டே வீ’ல் பி டுகெதர்’ பதிவில் மேரியும் சிண்டியும் பாடவே இல்லை. பின்னணியில் இருப்பவர்கள் ஸ்டுடியோ பாடகிகள். டயானாவை உற்சாகப்படுத்த தயாரிப்பாளர் ஜானி பிரிஸ்டல் நடுநடுவே பேசியதும் பதிவாகி, அதையும் அப்படியே விட்டுவிட்டார்கள். கேட்டுப் பாருங்கள், ஒரு ஆண் குரல் அவரைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே வரும். குழுவை விட்டுப் போகும் பாட்டிலேயே அவருக்குப் பக்கத்தில் ஒரு குரல் தேவைப்பட்டிருக்கிறது. எனக்கு அது மிகவும் மனிதத்தனமாகப் படுகிறது.

தனி ஆல்பத்துக்கு முதலில் லாஸ் ஏஞ்சலஸில் போன்ஸ் ஹவ் என்ற தயாரிப்பாளரோடு சில பாட்டுகளைப் பதிவு செய்து பார்த்தார்கள். ஃபிஃப்த் டைமென்ஷன் குழுவுக்குப் பெரிய வெற்றிகள் கொடுத்தவர் அவர். மோட்டவுன் முதலாளி பெர்ரி கார்டி அந்தப் பதிவுகளை ஒதுக்கி வைத்துவிட்டு, வேலையை நிக்கோலஸ் ஆஷ்ஃபோர்ட், வேலரி சிம்ப்சன் என்ற இருவரிடம் கொடுத்தார். ஆல்பத்தின் 11 பாட்டில் ஒன்று தவிர மற்றதெல்லாம் அவர்கள் தயாரிப்பு. அந்த ஒன்று ஜானி பிரிஸ்டலுடையது.

இந்த இருவரும் 1964-இல் நியூயார்க் ஹார்லெமில் ஒரு பாப்டிஸ்ட் சர்ச்சில் சந்தித்தவர்கள். சர்ச் பாடலில் ஒருவர் முன்னால் நின்று பேசுவார், பாடுவார், கெஞ்சுவார். பின்னால் கூட்டம் பதில் சொல்லும். முன்னால் இருப்பவர் தடுமாறினால் கூட்டம் தூக்கிவிடும். கூட்டம் சூடாகிவிட்டால் முன்னால் இருப்பவர் சும்மா ஒரு வார்த்தை சொன்னால் போதும். இந்த முறையைத்தான் அவர்கள் டயானாவின் ஆல்பத்துக்குக் கொண்டுவந்தார்கள். டயானாவின் குரல் மெல்லியது, கொஞ்சம் மூக்கு வழியாக வருவது. சர்ச் கட்டடத்தையே அதிரவைக்கிற குரல் அவருக்கு இல்லை. அதை மறைக்காமல், அந்த மெல்லிய குரலை நடுவில் வைத்து, அதிரவைக்கும் வேலையைச் சுற்றி நிற்பவர்களிடம் கொடுத்துவிட்டார்கள். பின்னணியில் ஆஷ்ஃபோர்டும் சிம்ப்சனும்கூடப் பாடியிருக்கிறார்கள். தயாரிப்பாளர்களே கோரஸில் நிற்கிறார்கள்.

இது முழுமையாகத் தெரிகிற இடம் ‘ஏய்ன்ட் நோ மவுன்டன் ஹை எனஃப்’. இந்தப் பாட்டை அவர்கள் எழுதியது டயானாவுக்காக இல்லை. 1967-இல் மார்வின் கே, டாமி டெரல் ஜோடி பாடி வெளிவந்தது. இரண்டரை நிமிடத்துத் துள்ளல் டூயட். 1968-இல் சுப்ரீம்ஸும் டெம்ப்டேஷன்ஸ் குழுவும் சேர்ந்து பாடிய ஆல்பத்திலும் இருக்கிறது, அதனால் டயானாவுக்குப் புதிய பாட்டும் இல்லை. டாமி டெரல் மூளைக் கட்டியால் 1970 மார்ச் 16 அன்று இறந்துபோனார். வயது 24. அடுத்த சில மாதங்களில் அதே பாட்டு டயானாவின் குரலில் ஆறு நிமிடப் பாட்டாக வருகிறது. 1967 பதிவையும் 1970 பதிவையும் அடுத்தடுத்துக் கேட்டால், முன்னதில் இரண்டு பேர் கையைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறார்கள், பின்னதில் ஒருத்தி தொலைவில் இருக்கிற யாருக்கோ வாக்குக் கொடுக்கிறாள். தலைப்பு வரி அதேதான்.

ஆறு நிமிடப் பதிவை ஹெட்ஃபோனில் மெதுவாகப் பிரித்துக் கேளுங்கள். ஆரம்பத்தில் வயலின்கள், சொல் இல்லாத கோரஸ். டயானா பாடவில்லை, பேசுகிறார். கோரஸ் மெட்டைப் பாட, அதன் மேல் அவர் பேச்சு. கொஞ்சம் கொஞ்சமாகத் தாளம் கெட்டிப்படுகிறது. பேச்சு சில இடங்களில் பாட்டாகச் சாய்கிறது, மறுபடி பேச்சாகிறது. எல்லோருக்கும் தெரிந்த அந்தத் தலைப்பு வரி முழு வேகத்தில் வெடிப்பது பாதிக்கும் மேல் கடந்த பிறகுதான். ராகம் தானம் பல்லவி கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்தக் காத்திருப்பு புதிதில்லை. பல்லவி எப்போது வரும் என்று தெரியாமல் தானத்தில் உட்கார்ந்திருக்கிற அந்த உணர்வு இதில் அப்படியே இருக்கிறது.

பெர்ரி கார்டிக்கு இந்த அமைப்பு பிடிக்கவில்லை. வெடிப்பை முன்னால் கொண்டுவரச் சொன்னார். எழுதிய இருவரும் ஒத்துக்கொள்ளவில்லை. ஆல்பம் வந்த பிறகு வானொலி நிலையங்களில் டிஜேக்கள் தாங்களாகவே பாட்டைச் சுருக்கி ஒலிபரப்ப ஆரம்பித்தார்கள். அதைப் பார்த்துதான் மூன்றரை நிமிடப் பதிப்பை சிங்கிளாக, அதாவது தனிப் பாட்டு ரெக்கார்டாக, வெளியிட்டார்கள். சுருக்கினாலும் வெடிப்பு பின்னால்தான் வருகிறது, அதை யாரும் மாற்றவில்லை. 1970 செப்டம்பரில் பில்போர்டு என்ற அமெரிக்கப் பாட்டுத் தரவரிசையில் மூன்று வாரம் முதலிடம். ஆல்பத்துக்கே அந்தப் பாட்டின் பெயர் ஒட்டிக்கொண்டு, பிறகு வந்த பிரதிகள் அந்தப் பெயரில் விற்றன.

எங்கள் குழு எடுத்தது இந்த நீண்ட அமைப்பைத்தான். பேச்சுப் பகுதிக்கு வழக்கமாக நிற்கிறவர் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனதும், நடத்துனர் அதை என்னிடம் கொடுத்தார். அவர் சர்ச்சில் வளர்ந்த கறுப்பினப் பெண்மணி, வயதில் என் அம்மாவுக்குக் கொஞ்சம் இளையவர். எனக்குப் பாடுவதில் பயம் இல்லை, பேசுவதில்தான். பாட்டில் உச்சரிப்பு மெட்டுக்குள் ஒளிந்துகொள்ளும். பேச்சில் ஒளிய இடம் இல்லை. அமெரிக்க மேடையில், அமெரிக்கர்கள் வரிவரியாக அறிந்த ஒரு பேச்சை, மதுரைப் பக்கத்து இங்கிலீஷில் சொல்வது எப்படி?

அவர் என் உச்சரிப்பைத் திருத்தவில்லை. தூரத்தில் யாரை விட்டுவிட்டு வந்திருக்கிறாய் என்று கேட்டார். அம்மா என்றேன். அப்படியானால் இந்த வரிகளை அம்மாவிடம் போனில் சொல்வது போலச் சொல் என்றார். கூப்பிட்டால் வந்துவிடுவேன், எவ்வளவு தூரமானாலும் கவலைப்படாதே என்பதுதான் அந்தப் பேச்சின் சாரம். கடல் தாண்டி வந்த எந்தப் பிள்ளையும் அம்மாவிடம் சொல்லியிருக்கிற வாக்கு. ‘எப்பம்மா வர்ற?’ என்று அம்மா கேட்கும்போது நான் என்ன குரலில் பதில் சொல்கிறேனோ அந்தக் குரல் எனக்கு வந்துவிட்டது. அது தணிந்த குரல். அவசரமில்லாத குரல். டயானாவின் பதிவிலும் அது அப்படித்தான் இருக்கிறது என்பதை அதற்குப் பிறகுதான் காது கொடுத்துக் கவனித்தேன். அவர் எந்த வார்த்தையையும் அழுத்துவதில்லை.

உச்சரிப்பில் நானாகச் சரிசெய்துகொண்டது ஒன்றே ஒன்று. நாம் இங்கிலீஷ் பேசும்போது கீழுதட்டைப் பல்லில் வைக்கிற ‘வ’வையும் உதட்டைக் குவிக்கிற ‘வ’வையும் ஒன்றாக்கிவிடுவோம். இந்தப் பாட்டில் இரண்டும் மாறி மாறி வருகின்றன. கண்ணாடி முன் நின்று உதட்டை மட்டும் பார்த்துப் பழகினேன். மைக்கில் அது பெரிய வித்தியாசம் காட்டியது. மற்றதையெல்லாம் என் ஊர் வாசனையோடு அப்படியே விட்டேன், இன்றும் விடுகிறேன்.

தாளத்துக்கு மேல் பேசுவது தனிக் கலை. சும்மா பேசினால் வரி முந்திப் போய்விடும், தாளத்தோடு பேசினால் பள்ளிக்கூட ஒப்பித்தல் போல ஆகிவிடும். நான் செய்தது இது. ஒவ்வொரு வரியிலும் ஒரே ஒரு வார்த்தையைத் தேர்ந்தெடுத்து, அது மட்டும் எந்த அடியில் விழ வேண்டும் என்று தாளில் குறித்துக்கொண்டேன். மற்ற வார்த்தைகள் அதைச் சுற்றி எப்படி வேண்டுமானாலும் விழட்டும். தாளம் போட்டுப் பழகிய கைக்கு இது சுலபம். வரி முடிந்ததும் உடனே மூச்சு எடுக்காமல், கோரஸின் பதில் முடிகிற வரை காத்திருந்து எடுத்தால் அவசரம் தானாகவே போய்விடும்.

குழுவில் பாடியவர்கள் தனிக்கு வரும்போது மறுபடி பழக வேண்டிய இன்னொன்று மெய்யெழுத்து. கூட்டுப் பாடலில் எல்லோரும் வார்த்தை முடிவில் ‘ஸ்’ என்றால் பாம்பு சீறுவது போலக் கேட்கும். அதனால் வரிசைக்கு ஒருவர் சொன்னால் போதும், மற்றவர்கள் விழுங்கிவிடுங்கள் என்று சொல்லிக்கொடுப்பார்கள். உயிரெழுத்தையும் எல்லோரும் ஒரே வாய் வடிவத்தில் சொல்ல வேண்டும். வருடக்கணக்கில் இப்படிப் பாடினால் குரலின் விளிம்பு தேய்ந்துவிடும். தனியாகப் பாடும்போது அந்த விளிம்புதான் ஆளை அடையாளம் காட்டுகிறது. டயானா வார்த்தைகளின் முடிவை எவ்வளவு சுத்தமாக மூடுகிறார் என்று கவனியுங்கள். வார்த்தை தெளிவாக முடிவதால்தான் அந்தச் சின்னக் குரல் அத்தனை பெரிய வாத்தியக் கூட்டத்துக்கு நடுவிலும் முழுகாமல் நிற்கிறது. நான் வீட்டில் பாட்டை மெட்டில்லாமல், கிசுகிசுப்பாக மட்டும் சொல்லிப் பழகுவேன். கிசுகிசுப்பில் உயிரெழுத்துக்கு வலு கிடையாது, மெய்யெழுத்து வேலை செய்தே ஆக வேண்டும்.

மைக் விஷயமும் இதோடு சேர்ந்தது. பேச்சுப் பகுதிக்கு மைக்கை வாயருகே, நான்கு விரல் தூரத்தில் வைக்கிறேன். கிட்டே போகப் போக மேடை மைக்குகள் குரலின் கீழ்ப்பகுதியைத் தாங்களாகவே கொழுக்க வைக்கும், மெல்லிய குரலுக்கு அது இலவச உதவி. வெடிப்பு வரும்போது ஒரு சாண் பின்னால் போகிறேன். சவுண்ட் பார்ப்பவரிடம், என் குரலை எனக்கு முன்னால் இருக்கும் ஸ்பீக்கரில் குறைத்து, கோரஸை அதிகமாகப் போடச் சொல்வேன். அவர்களில் பலருக்கு இது விநோதமான வேண்டுகோள். ஆனால் கோரஸ் காதில் விழுந்தால் நான் கத்த மாட்டேன். விழாவிட்டால் கத்தத்தான் தோன்றும், யாருக்கும் தோன்றும்.

வெடிப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். அங்கே டயானா குரலை எவ்வளவு ஏற்றுகிறார் என்று கவனித்தால் ஆச்சரியமாக இருக்கும். அந்த உயரம் பெரும்பாலும் கோரஸிடமிருந்து வருகிறது. அவர் இடையிடையே கூப்பிடுகிறார், வரியை முன்னால் தள்ளுகிறார், கூட்டம் ஏந்திக்கொள்கிறது. தனிப்பாடகி அந்த இடத்தில் முழு பலத்தையும் கொட்டிவிட்டால் கூட்டத்துக்கு ஏற இடம் இருக்காது. எங்கள் நடத்துனர் ஒத்திகையில் என்னைத் திரும்பி கோரஸைப் பார்த்து நிற்கச் சொல்வார். பார்வையாளர்களுக்கு முதுகு. அவர்கள் முகத்தைப் பார்த்துப் பாடும்போது, எப்போது விட்டுக்கொடுக்க வேண்டும் என்று உடம்புக்கே தெரிந்துவிடும். அதன் பிறகு முன்பக்கம் திரும்பினாலும் முதுகில் அந்த உணர்வு இருக்கும். தனியாகப் பாடப் போகிறவர்கள் யாராக இருந்தாலும் இதை ஒரு முறை செய்து பாருங்கள்.

இங்கே வந்து போகிற உறவினர்களையெல்லாம் நான் மோட்டவுன் மியூசியத்துக்குக் கூட்டிப் போவேன். வெஸ்ட் கிராண்ட் பூலவார்டில், 2648-ஆம் எண் வீடு. வெளியே ‘ஹிட்ஸ்வில் யு.எஸ்.ஏ.’ என்று நீல எழுத்து. சாதாரண இரண்டு மாடி வீடுதான். உள்ளே ஸ்டுடியோ ஏ இருக்கிறது, 1972 வரை வேலை செய்த அறை. இவ்வளவு சின்ன இடமா என்று வருகிற எல்லோரும் கேட்பார்கள். சுற்றிக் காட்டுபவர் உங்களை ஓரிடத்தில் நிறுத்தி, மேலே கூரையில் வெட்டியிருக்கிற ஓட்டையைக் காட்டி, அதற்குக் கீழே கை தட்டச் சொல்வார். தட்டினால் சத்தம் மேலே போய், பரணில் சுற்றி, நீண்டு திரும்பி வரும். பாட்டுகளில் குரலுக்குப் பின்னால் கேட்கிற எதிரொலிக்குப் பரணைத்தான் பயன்படுத்தியிருக்கிறார்கள். இரண்டடி தள்ளி நின்று தட்டினால் வெறும் தட்டல்தான்.

அந்த இரண்டடி வித்தியாசத்தைக் கேட்டதிலிருந்து வீட்டில் பழகும் இடத்தை மாற்றினேன். குளியலறையிலும் மாடிப்படியிலும் பாடினால் நம் குரல் நமக்கே அழகாகக் கேட்கும். அங்கே சந்தோஷத்துக்குப் பாடலாம். பயிற்சிக்கு, துணி நிறைந்த அலமாரியைத் திறந்து வைத்து அதன் முன் நின்று பாடுகிறேன். எதிரொலியே இருக்காது. வார்த்தை முடிவுகள், மூச்சு, சுருதி விலகல் எல்லாம் பளிச்சென்று தெரியும்.

ஆல்பத்தின் முதல் பாட்டு ‘ரீச் அவுட் அண்ட் டச்’. முதல் சிங்கிளும் அதுதான். மூன்று மூன்றாக எண்ணுகிற நடை, நம் காதுக்குத் திஸ்ரம். போதைக்கு அடிமையானவர்களை நினைத்து எழுதிய பாட்டு இது. பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடியுங்கள் என்று டயானா மேடையில் ரசிகர்களைக் கேட்டுக்கொள்வது பல வருடம் வழக்கமாகவே இருந்தது. ஆனால் வெளியானபோது பில்போர்டில் 20-ஆம் இடம்தான். அதே 1970-இல், டயானாவுக்குப் பதிலாக ஜீன் டெரல் வந்து சேர்ந்த சுப்ரீம்ஸ் பாடிய ‘அப் த லேடர் டு த ரூஃப்’ 10-ஆம் இடம் வரை போனது. குழுவை விட்டு வந்தவரை குழுவே முந்திவிட்டது. மூன்றே மாதத்தில் நிலைமை மாறியது வேறு விஷயம். தனியாக வந்த முதல் முயற்சி எதிர்பார்த்த அளவு போகவில்லை என்று சோர்ந்திருப்பவர்களிடம் நான் இந்த இரண்டு எண்களைத்தான் சொல்வேன்.

மற்ற பாட்டுகளில் ‘கீப் அன் ஐ’யைத் தேடிக் கேளுங்கள். 1968-இல் சுப்ரீம்ஸ் ஆல்பம் ஒன்றிலும் அது இருக்கிறது. ஒரே பாட்டைக் குழுவிலும் தனியிலும் ஒரே பாடகி பாடிய இரண்டு பதிவுகளை ஒப்பிட்டுக் கேட்கலாம். நீங்களும் தனி நிகழ்ச்சி செய்யும்போது குழுவில் பாடிய ஒரு பாட்டையாவது எடுத்து, வேறு வேகத்தில், வேறு சுருதியில் வைத்துப் பாருங்கள். புதுப் பாட்டை விட அதில்தான் உங்கள் குரல் எங்கே நிற்கிறது என்று தெரியும். ‘யு ஆர் ஆல் ஐ நீட் டு கெட் பை’யும் மார்வின், டாமி ஜோடியின் பாட்டுதான். எனக்கு அதில் மூலப் பதிவுதான் உசத்தி. அந்த இரண்டு குரல்களின் உரசல் இங்கே இல்லை. ஜானி பிரிஸ்டலின் பாட்டு பழைய மோட்டவுன் பாணியில் நன்றாகவே இருக்கிறது, ஆல்பத்தின் மற்ற பாட்டுகளோடு ஒட்டாமல்.

அட்டைப்படத்தையும் பார்க்க வேண்டும். சுப்ரீம்ஸ் என்றால் மினுமினுக்கும் கவுன், உயரமான விக், அளந்து வைத்த கையசைவு. மோட்டவுன் தன் பாடகர்களுக்கு நடை, உடை, பேட்டி கொடுக்கும் விதம் வரை பயிற்சி கொடுத்தது. மேக்ஸின் பவல் என்ற அம்மையார்தான் அந்த நாகரிகப் பள்ளிக்கு ஆசிரியை, நடன அசைவுகளுக்கு சோலி அட்கின்ஸ். இந்த ஆல்பத்தின் அட்டையில், ஹாரி லாங்டன் எடுத்த படத்தில், டயானா குட்டை முடியோடு, சாதாரண டி-ஷர்ட்டும் வெட்டிய அரைக்கால் சட்டையுமாக இருக்கிறார். பளபளப்பை முழுக்கக் கழற்றிவிட்டு வந்தது துணிச்சலான முடிவு. பிறகு வந்த வருடங்களில் பளபளப்பு இரட்டிப்பாகத் திரும்பி வந்தது, அதிலும் தப்பில்லை.

இது சோல்தானா, பாப் இல்லையா என்று கேட்பவர்கள் உண்டு. இதே டெட்ராய்ட்டில், அப்பா போதகராக இருந்த நியூ பெத்தல் பாப்டிஸ்ட் சர்ச்சில் பாடி வளர்ந்த அரீதா ஃப்ராங்க்ளினோடு ஒப்பிட்டால் டயானாவின் குரல் மெலிதாகத்தான் தெரியும். ஆனால் சோல் பாட்டை ஒரு தொண்டையின் பலத்தை மட்டும் வைத்து அளக்கிறவர்கள் பின்னால் நிற்கிற கூட்டத்தை மறந்துவிடுகிறார்கள். இந்த ஆல்பத்தில் அந்தச் சர்ச் உணர்வு கோரஸில் இருக்கிறது. எனக்கு அது போதும்.

ஃப்ளாரன்ஸ் பேலார்டைப் பற்றிச் சொல்லாமல் என்னால் இதை எழுத முடியாது. குழுவை ஆரம்பத்தில் சேர்த்ததில் முக்கியப் பங்கு அவருடையது. சுப்ரீம்ஸ் என்ற பெயரைத் தேர்ந்தெடுத்தவர் அவர். மூவரில் சர்ச் குரல், கனத்த குரல் அவருக்குத்தான். 1961-இல் வந்த ‘பட்டர்டு பாப்கார்ன்’ பாட்டில் முன்னால் நின்று பாடுவது அவர், கேட்டால் உங்களுக்கே தெரியும். 1967-இல் வெளியேற்றப்பட்ட பிறகு, 1968-இல் ஏபிசி ரெக்கார்ட்ஸில் தனியாக இரண்டு சிங்கிள்கள் வெளியிட்டார். ஓடவில்லை. தயாரான ஆல்பத்தை வெளியிடாமலே வைத்துவிட்டார்கள். மோட்டவுனோடு போட்ட விடுதலை ஒப்பந்தப்படி, முன்னாள் சுப்ரீம்ஸ் பாடகி என்று விளம்பரப்படுத்திக்கொள்ளக்கூட அவருக்கு உரிமை இல்லை. 1976-இல், 32 வயதில் இறந்துபோனார். டயானாவுக்குக் கிடைத்த எழுத்தாளர்கள், தயாரிப்பாளர்கள், வாத்தியக் குழு, அவர் பெயரை ஊரெல்லாம் சொன்ன ஒரு கம்பெனி, இதில் எதுவும் ஃப்ளாரன்ஸுக்குக் கிடைக்கவில்லை. குரல் மட்டும் இருந்தது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம்தான் வருகிறது.

அதனால் தனியாகப் பாட வரப்போகிற தங்கைகளிடம் நான் முதலில் கேட்பது, உங்கள் பாட்டுக்கு இசை அமைத்து ஒழுங்குபடுத்தப் போவது யார் என்பதுதான். உங்கள் குரலின் அளவு தெரிந்த ஒருவர் வேண்டும். பின்னணிக் குரல்களை யார் பாடப்போகிறார்கள் என்பதையும் கடைசி நாளுக்கு விடாதீர்கள். அவர்களோடு ஒரே அறையில் ஒத்திகை செய்யுங்கள், டிராக்கை அனுப்பி வாங்கிக்கொள்வதோடு நிறுத்தாதீர்கள். குழுவை விட்டு வருகிறீர்கள் என்றால், பழைய குழுவின் பெயரைச் சொல்லிக்கொள்ளும் உரிமை, குழுவாகப் பாடிய பாட்டுகளைத் தனி மேடையில் பாடும் உரிமை இரண்டையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நட்பாகப் பிரியும்போதே வாங்கிவிடுவது நல்லது.

கேட்க ஆரம்பிப்பவர்கள் ‘ஏய்ன்ட் நோ மவுன்டன்’ பாட்டின் சிங்கிள் பதிப்போடு நின்றுவிடாமல், ஆறு நிமிடப் பதிப்பு இருக்கிற முழு ஆல்பத்தை எடுங்கள். பிறகு வந்த விரிவாக்கப் பதிப்பில், ஒதுக்கி வைத்த லாஸ் ஏஞ்சலஸ் பதிவுகளில் சிலவும் உண்டு. அவற்றைக் கேட்டால் கார்டி ஏன் ஆளை மாற்றினார் என்று ஓரளவு புரியும். பாட்டுகள் நன்றாகத்தான் இருக்கின்றன, ஆனால் அவற்றை வேறு யார் வேண்டுமானாலும் பாடியிருக்கலாம். அடுத்துக் கேட்க வேண்டியது 1971-இல் வந்த ‘சரண்டர்’. அதுவும் ஆஷ்ஃபோர்ட், சிம்ப்சன் தயாரிப்புதான், என் கணிப்பில் பாட்டுக்குப் பாட்டு முதல் ஆல்பத்தை விடக் கெட்டியானது. அதே 1971-இல் வேலரி சிம்ப்சன் தானே முன்னால் வந்து, ‘எக்ஸ்போஸ்டு’ என்ற தன் முதல் தனி ஆல்பத்தைக் கொடுத்தார். கோரஸில் நின்றவரின் குரல் எப்படிப்பட்டது என்று அதில் கேட்கலாம்.